டெக்சாஸில் முதல் கைத்துப்பாக்கி: ரிவால்வரா, பிஸ்டலா?

நான் முதலில் வாங்கிய துப்பாக்கி என் கைக்குப் பொருந்தாத துப்பாக்கி. 479 டாலருக்கு வாங்கி, ஏழு மாதம் கழித்து 260 டாலருக்கு விற்றேன். பணம் போனதுகூடப் பெரிதில்லை. ஏழு டப்பா தோட்டா தீர்ந்த பிறகும் குறி வைத்த இடத்தில் சுடத் தெரியாமல், அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாதுகாப்பாக இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன். அதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஹூஸ்டன் புறநகரில் எங்களுக்கு ஒரு சிறிய மளிகைக் கடை. வாரத்தில் நான்கு இரவு நான்தான் கடையை அடைத்துவிட்டு, கல்லாப் பணத்தோடு காருக்கு நடப்பேன். அந்த நடைக்காகத்தான் வாங்கினேன். உங்கள் காரணம் வேறாக இருக்கலாம். காரணம் எதுவானாலும், கீழே உள்ள வரிசையில் போங்கள். நான் தலைகீழாகப் போனதால்தான் இவ்வளவு சிரமம். இது டெக்சாஸ் சட்டத்தை வைத்து எழுதியது; வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கு 1 முதல் 4 வரையான படிகள் மட்டும் பயன்படும்.

1. முதலில் விசாவைப் பாருங்கள்

எச்1பி, எச்4, எஃப்1, எல்1, பி2 எதில் வந்திருந்தாலும், அமெரிக்க மத்தியச் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ உங்கள் கையில் இருக்கக் கூடாது. வாங்குவதற்கு மட்டுமான தடை இல்லை இது, வைத்திருப்பதற்கே தடை. ஆபீஸ் நண்பர்களோடு சனிக்கிழமை ரேஞ்சுக்கு (துப்பாக்கி சுடும் பயிற்சி இடத்துக்கு) போய், வாடகைத் துப்பாக்கியில் பத்து ரவுண்டு சுடுவதும் இதில் அடங்கும். நம்மவர்கள் அதைச் செய்து படம் எடுத்து முகநூலில் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். மாநில வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஆனால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) போட்டாயிற்று, ஈஏடி (வேலை அனுமதி அட்டை) கையில் வந்துவிட்டது என்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்: அது கிரீன் கார்டு ஆகாது, வழக்கறிஞரைக் கேளுங்கள்.

கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், நீங்கள் குடியிருக்கும் மாநிலத்திலேயே வாங்க வேண்டும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். குடியுரிமை உள்ளவருக்குத் தண்டனையோடு முடிகிற ஒரு துப்பாக்கி வழக்கு, கிரீன் கார்டு உள்ளவரை நாட்டைவிட்டே அனுப்பிவிடக்கூடும். இங்கே ஒவ்வொரு படியிலும் நான் இவ்வளவு எச்சரிப்பது அதனால்தான்.

2. அது எங்கே உட்காரப்போகிறது என்று யோசியுங்கள்

எந்தத் துப்பாக்கி என்பதற்கு முன், உடம்பில் எந்த இடம் என்பதை முடிவு செய்யுங்கள். கவுண்டரில் இருப்பவர் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்.

ஜீன்ஸ், அகலமான பெல்ட், மேலே தளர்வான குர்த்தா அல்லது உள்ளே செருகாத சட்டை: இது மிக வசதியான உடை. இடுப்புக்குள் செருகும் ஹோல்ஸ்டரில் (துப்பாக்கி உறையில்) நடுத்தர அளவுப் பிஸ்டல்கூட வெளியே தெரியாது. சுடிதாருக்கு நாடாதான், பெல்ட் கிடையாது. அரைக் கிலோ எடையை நாடா தாங்காது, கீழே இழுத்துவிடும். வயிற்றைச் சுற்றிக் கட்டும் துணிப்பட்டை ஹோல்ஸ்டர்கள் கிடைக்கின்றன. ட்ரிகரை மூடும் கெட்டியான உறை அதில் இருந்தால் மட்டும் வாங்குங்கள்; வெறும் எலாஸ்டிக் பட்டை வேண்டாம். புடவை கட்டும் நாளில் நான் எடுத்துப்போவதில்லை, வீட்டுப் பெட்டியிலேயே பூட்டிவிடுவேன். கைப்பையில் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பையைப் பறிப்பவனுக்குத் துப்பாக்கியும் சேர்ந்து போகும், பையை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்தால் குழந்தையின் கைக்கும் போகும். வேறு வழியே இல்லையென்றால், துப்பாக்கிக்கென்று தனி அறை தைத்த பை வேண்டும். அந்த அறையில் சாவி, பேனா, லிப்ஸ்டிக் எதுவும் கூடாது. ட்ரிகர் வளையத்துக்குள் ஒரு பேனா நுழைந்தால் போதும்.

சட்டைப் பையில், பேன்ட் பாக்கெட்டில், கடை ஏப்ரனில் என்று யோசிப்பவர்களுக்கு மட்டும் சின்ன ரிவால்வர் இங்கேயே ஒரு மதிப்பெண் முன்னால் போய்விடுகிறது. காரணம் 4-ஆம் படியில்.

3. வாங்காதீர்கள், வாடகைக்கு எடுத்துச் சுடுங்கள்

இந்தப் படியைத் தவிர்த்ததுதான் என் பெரிய பிழை. கவுண்டரில் இருந்தவர் என் கையைப் பார்த்தார், பெண் என்பதைப் பார்த்தார், ஒரு சின்ன ரிவால்வரை எடுத்து வைத்தார். "சிம்பிள், சிக்காது, கைக்கு அடக்கமா இருக்கு பாருங்க" என்றார். பார்க்க அப்படித்தான் இருந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பெண்களுக்கு ரிவால்வர் என்பது அங்கே பழகிப்போன பேச்சு.

ரேஞ்சுகளில் துப்பாக்கி வாடகைக்குக் கிடைக்கும். லேன் கட்டணம், வாடகை, தோட்டா எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 80 முதல் 100 டாலர் ஆகும். தவறான துப்பாக்கி வாங்கி நான் இழந்ததில் பாதிகூட இல்லை. தனியாக வரும் புதியவருக்குப் பல ரேஞ்சுகளில் வாடகைத் துப்பாக்கி தர மாட்டார்கள். கூட ஒருவர் வர வேண்டும் என்பார்கள். தற்கொலைகளைத் தடுக்க வைத்த விதி அது, மதியுங்கள். கூட வருபவர் எச்1பி-யில் இருந்தால் பின்னால் நின்று பார்க்கட்டும், தொட வேண்டாம்.

போனதும் இப்படிச் செய்யுங்கள். ஒன்பது அங்குலக் காகிதத் தட்டு ஒரு கட்டு வாங்கிப்போங்கள். 7 கஜத்தில் ஒரு தட்டை ஒட்டி, ரிவால்வரில் 50 ரவுண்டு. புதுத் தட்டு ஒட்டி, பிஸ்டலில் 50 ரவுண்டு. ஒரே நாளில் இரண்டையும் சுட வேண்டும், இல்லாவிட்டால் நினைவு ஏமாற்றும். தட்டுக்குள் விழுந்ததை எண்ணுங்கள். கடைசிப் பத்து ரவுண்டைத் தனியாக எண்ணுங்கள், கை களைத்த பிறகு என்ன ஆகிறது என்பது அதில்தான் தெரியும். இரண்டிலும் ஐந்து ரவுண்டு ஒற்றைக் கையால் சுடுங்கள், ஏனென்றால் மறு கையில் பணப்பை இருக்கலாம், குழந்தை இருக்கலாம்.

என் கணக்கு: நான் வாங்கிய சின்ன ரிவால்வரில் (ஸ்மித் அண்டு வெஸ்ஸன் 642) 50-க்கு 27. சின்ன 9 மி.மீ. பிஸ்டலில் 44. இதை வாங்குவதற்கு முன் எண்ணியிருக்க வேண்டும், ஏழு மாதம் கழித்து எண்ணினேன்.

4. இரண்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம்

ரிவால்வரில் சுழலும் உருளை, அதில் ஐந்தோ ஆறோ தோட்டா. ட்ரிகரை இழுத்தால் உருளை சுழன்று சுடும். செமி ஆட்டோமேட்டிக்கில் பிடிக்குள் தோட்டாக்கள் அடுக்கிய மேகசின். ஒவ்வொரு முறை சுட்டதும் மேலே உள்ள ஸ்லைடு பின்னுக்குப் போய்க் காலிக் குப்பியை வெளியே எறிந்துவிட்டு அடுத்த தோட்டாவை ஏற்றும். இங்கே அதைப் பிஸ்டல் என்றே எழுதுகிறேன்.

மறைத்து வைக்க வாங்குபவர்கள் ரிவால்வரில் பெரும்பாலும் பார்ப்பது ஸ்மித் அண்டு வெஸ்ஸன் 642 அல்லது ரூகர் எல்சிஆர். இரண்டிலுமே .38 ஸ்பெஷல் என்ற அளவுத் தோட்டா, ஐந்து ரவுண்டு, குழல் இரண்டு அங்குலத்துக்கும் குறைவு, எடை 400 கிராம் சுமார். பிஸ்டலில் சிக் பி365, கிளாக் 43எக்ஸ். இரண்டும் 9 மி.மீ., மேகசினில் 10 ரவுண்டு, எடை அரைக் கிலோ. விலையில் பெரிய வேறுபாடு இல்லை. நான் வாங்கிய காலத்தில் எல்லாமே 450 முதல் 600 டாலருக்குள் இருந்தன.

ட்ரிகரில்தான் எல்லாம் இருக்கிறது. 642-இன் ட்ரிகரை இழுக்க சுமார் 12 பவுண்டு விசை வேண்டும், ஐந்து கிலோவுக்கும் மேல். துப்பாக்கியின் எடை 410 கிராம். தன் எடையைவிடப் பத்து மடங்குக்கு மேலான விசையை ஒரே விரலால் கொடுக்கும்போது குழல் ஆடாமல் இருக்க வேண்டும்! பழகியவர்களால் முடியும். மாதம் ஒருமுறை ரேஞ்சுக்குப் போகிற என் போன்றவருக்கு அது மலை. பி365 போன்ற பிஸ்டலில் அந்த விசை கிட்டத்தட்டப் பாதிதான். ரிவால்வரின் குழல் குட்டையாக இருப்பதால் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி குறைவு, சிறு ஆட்டமும் தூரத்தில் பெரிதாகத் தெரியும். லேசான துப்பாக்கி என்பதால் உதையும் அதிகம். முப்பதாவது ரவுண்டில் என் உள்ளங்கையில் ஊசி குத்துவது போல இருக்கும். வலிக்கிற துப்பாக்கியை வைத்து யாரும் பயிற்சி செய்ய மாட்டார்கள், நானும் செய்யவில்லை. ஆக, புதியவருக்கு எளிது என்று விற்கப்படும் சின்ன ரிவால்வர், நன்றாகச் சுடுவதற்கு இந்த இரண்டில் கடினமானது. எனக்குப் புரிய இவ்வளவு காலம் ஆன விஷயம் இதுதான்.

அப்படியானால் ரிவால்வருக்கு என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது, நியாயமாகச் சொல்ல வேண்டும். உருளையை வெளியே தள்ளினால் ஐந்து அறையும் கண்ணுக்குத் தெரியும், தோட்டா இருக்கிறதா என்பதில் சந்தேகமே வராது. ஸ்லைடு இழுக்கும் பலம் தேவையில்லை. மணிக்கட்டைத் தளர்வாகப் பிடித்தாலும் அடுத்த ரவுண்டு வரும். பிஸ்டலில் பிடி தளர்ந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னே போகாமல் காலிக் குப்பி வாயிலிலேயே செங்குத்தாக நின்றுவிடும். ஒருவர் உங்கள் மேல் விழுந்து அமுக்கும் நெருக்கத்தில், பிஸ்டலின் ஸ்லைடு சற்றே பின்தள்ளப்பட்டால் சுடாது, ரிவால்வர் சுடும். சுத்தியல் வெளியே தெரியாத 642 போன்றவை பாக்கெட்டில் துணி மாட்டாமல் வெளியே வரும். பாக்கெட்டில் வைப்பவர்களுக்கு ரிவால்வர் என்று சொன்னது இதனால்தான். அதற்கும் பாக்கெட் ஹோல்ஸ்டர் கட்டாயம் வேண்டும்.

"ரிவால்வர் சிக்கவே சிக்காது" என்பதை மட்டும் நம்பாதீர்கள். குப்பிகளைத் தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டின் கீழ் எரியாத மருந்துத் துகள் சேர்ந்தால் உருளை மூடாது. மிக லேசான ரிவால்வரில் உதையின் வேகத்தில் அடுத்த அறையில் இருக்கும் தோட்டாவின் குண்டு முன்னே நழுவி, உருளை சுழலாமல் நிற்பதும் உண்டு. இவை அரிது. ஆனால் நடந்துவிட்டால் அந்த இடத்தில் சரி செய்ய முடியாது. பிஸ்டல் சிக்குவது அதைவிடச் சாதாரணம், ஆனால் மேகசினின் அடியைத் தட்டி ஸ்லைடை இழுத்துவிட்டால் பெரும்பாலும் இரண்டு நொடியில் தீரும். அந்தத் தட்டி இழுப்பதை நூறு முறை பழகியிருக்க வேண்டும்.

பிஸ்டலில் புதியவர்களுக்கு உயிர் ஆபத்தான இடம் ஒன்று உண்டு. காலி செய்யும்போது முதலில் மேகசினை எடுத்து, பிறகு ஸ்லைடை இழுக்க வேண்டும். வரிசையை மாற்றி, ஸ்லைடை இழுத்துவிட்டு மேகசினை எடுத்தால், உள்ளே இன்னொரு தோட்டா ஏறி உட்கார்ந்திருக்கும், மேகசின் கைக்கு வந்துவிட்டதால் துப்பாக்கி காலி என்று நினைப்பீர்கள். கிளாக்கைச் சுத்தம் செய்யக் கழற்ற ட்ரிகரை இழுத்தாக வேண்டும், சிக் பி365-க்கு வேண்டாம். நான் பி365 எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஸ்லைடு இழுக்கப் பலம் இல்லை என்று ரிவால்வருக்குப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகக் கிள்ளி இழுத்தால் பலராலும் முடியாது. துப்பாக்கியை நெஞ்சுக்கு அருகில் கொண்டுவந்து, குழல் எதிரே இலக்கைப் பார்த்தபடியே இருக்க, இடது உள்ளங்கை முழுவதையும் ஸ்லைடின் மேல் கவிழ்த்துப் பிடித்து, வலது கையால் பிடியை முன்னே தள்ளுங்கள். இழுப்பதைவிடத் தள்ளுவதில்தான் பலம். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் எழுபது வயதுப் பாட்டி ஒருவர், ரேஞ்சில் பக்கத்து லேனில் நின்றவர். இழுக்கும்போது குழல் பக்கவாட்டில், அடுத்த லேனை நோக்கித் திரும்பிவிடும், அதைக் கவனியுங்கள். முடக்குவாதம் உள்ளவர்கள் ஸ்லைடை எளிதாக இழுப்பதற்கென்றே செய்த ஷீல்டு ஈஸி போன்றவற்றை முயன்று பாருங்கள். ஐந்து கிலோ ட்ரிகரும் வலிக்கிற விரலுக்கு நல்லதில்லை.

பிடிக்கும் விதமும் வேறு. ரிவால்வரில் உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடுக்கில் கொதிக்கும் வாயு வெளியேறும், அதன் பக்கம் விரல் போகக் கூடாது. பிஸ்டலில் இடது கட்டைவிரலை ஸ்லைடின் பின்னால் குறுக்கே வைத்தால் ஸ்லைடு தோலைக் கிழித்துவிடும். ஒன்றில் பழகிவிட்டு மற்றொன்றை எடுக்கும்போது காயம் படுவது இப்படித்தான்.

என் முடிவு: வாரம் முழுதும் இடுப்பில் வைப்பவர், மாதம் ஒருமுறையாவது பயிற்சி செய்யக்கூடியவர் நடுத்தர 9 மி.மீ. பிஸ்டல் எடுங்கள். பாக்கெட்டில்தான் வைக்க முடியும் என்பவர், ஸ்லைடை எப்படியும் இழுக்க முடியாதவர் ரிவால்வர் எடுங்கள். ஆனால் ட்ரிகருக்காக வீட்டில் போலித் தோட்டா போட்டுத் தினமும் பத்து நிமிடம் பழகுங்கள். அப்போது நிஜத் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. உங்கள் காகிதத் தட்டு என் முடிவுக்கு மாறாகச் சொன்னால் தட்டையே கேளுங்கள்.

5. கடையில்: 4473 படிவம்

துப்பாக்கி வாங்கும்போது கடையில் நிரப்பும் மத்திய அரசுப் படிவம் இது. ஓட்டுநர் உரிமத்தில் இப்போதைய வீட்டு முகவரி இருக்க வேண்டும். நான் வீடு மாறி, உரிமத்தை மாற்றாமல் போனேன், திருப்பி அனுப்பினார்கள். ஆன்லைனில் 11 டாலருக்கு மாற்றலாம். அட்டை வரும்வரை காத்திருக்க முடியாதென்றால், புது முகவரி உள்ள கார் ரெஜிஸ்ட்ரேஷன் போன்ற அரசு ஆவணத்தை உரிமத்தோடு சேர்த்துக் காட்டலாம். அஞ்சல் பெட்டி முகவரி ஏற்கப்படாது.

நம் பெயர்கள் இங்கே தனிப் பிரச்சினை. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர், உரிமத்தில் அப்பா பெயர் கடைசியில், கிரீன் கார்டில் வேறு வரிசை என்று இருக்கும். மூன்றையும் வீட்டிலேயே எடுத்து வைத்து ஒப்பிடுங்கள், பொருந்தாவிட்டால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். படிவத்தில் பெயர் வெறும் இனிஷியலாக இருந்தால் அதன் பின்னால் ஐஓ என்று எழுத வேண்டும். நடுப்பெயர் இல்லாவிட்டால் என்எம்என் என்று எழுத வேண்டும், காலியாக விடக் கூடாது. இனம் பற்றி இரண்டு கேள்வி இருக்கும். ஹிஸ்பானிக்கா இல்லையா என்பது ஒன்று, ஆசியர் முதலான பட்டியல் இன்னொன்று. இரண்டுக்கும் பதில் வேண்டும். கிரீன் கார்டில் உள்ள யுஎஸ்சிஐஎஸ் (குடியேற்றத் துறை) எண்ணையும் கேட்கும், அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

எந்த நாட்டுக் குடிமகன் என்ற கேள்வியில் அவசரப்பட்டு அமெரிக்கா என்று குறித்துவிடாதீர்கள். குடியுரிமை இல்லாதவர் அப்படிச் சொல்வது, துப்பாக்கியை விட்டுத் தள்ளுங்கள், பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்தையே கவிழ்த்துவிடும். கஞ்சா பற்றிய கேள்வியும் உண்டு. கொலராடோவில் அது சட்டப்படி விற்கிறது என்பது இந்தப் படிவத்துக்குச் செல்லாது. உண்மையில் யாருக்கு வாங்குகிறீர்கள் என்றும் கேட்கும். வாங்கத் தகுதியில்லாத கணவருக்கோ, பணம் கொடுத்தனுப்பிய நண்பருக்கோ உங்கள் பெயரில் வாங்குவது மத்தியக் குற்றம். பொய்ப் பதில் எதுவானாலும் பெருங்குற்றம்தான்.

பிறகு கடைக்காரர் எஃப்பிஐ-யின் நிக்ஸ் என்ற பின்னணிச் சோதனைக்கு அனுப்புவார். சரி என்று வந்தால் அன்றே கையில் கிடைக்கும், டெக்சாஸில் காத்திருப்புக் காலம் இல்லை. எனக்கு 'தாமதம்' என்று வந்தது. பயந்தேன். அது மறுப்பு இல்லை. மூன்று வேலை நாளில் பதில் வராவிட்டால், கொடுப்பதா வேண்டாமா என்பது கடைக்காரர் விருப்பம். சிலர் கொடுப்பார்கள், சிலர் பதில் வரும்வரை தர மாட்டார்கள். சோதனை 30 நாள்தான் செல்லும். பெயர்க் குழப்பத்தால் ஒவ்வொரு முறையும் இப்படி ஆகிறதென்றால், எஃப்பிஐ-யிடம் கைரேகை கொடுத்து யுபின் என்ற அடையாள எண் பெறலாம். அடுத்த முறை அதைப் படிவத்தில் எழுதினால் வேகமாக முடியும்.

6. உண்மையான செலவு

துப்பாக்கியின் விலை பாதிகூட இல்லை. என் இரண்டாவது சுற்றில், முதல் சுற்றிலேயே முடித்த வகுப்பையும் உரிமத்தையும் சேர்த்தால், ஆனது இது: துப்பாக்கி 520, அதற்கு 8.25 சதவீத விற்பனை வரி 43, ஹோல்ஸ்டர் 70, கெட்டியான பெல்ட் 50, பயிற்சித் தோட்டா 300 ரவுண்டு 90, எடுத்துச் செல்லும் குழிமுனைத் தோட்டா 60, விரலில் திறக்கும் சிறிய பெட்டி 160, காதுக் கவசமும் கண்ணாடியும் 50, நான்கு முறை ரேஞ்ச் 100, வகுப்பு 80, உரிமமும் கைரேகையும் 50. மொத்தம் 1,273 டாலர். துப்பாக்கிப் பெட்டிக்கும் பூட்டுக்கும் டெக்சாஸில் விற்பனை வரி கிடையாது. கடையில் சேர்த்துவிட்டால் எடுக்கச் சொல்லுங்கள்.

.38 தோட்டா 9 மி.மீ.-ஐவிடக் கிட்டத்தட்ட இருமடங்கு விலை. மாதா மாதம் பயிற்சி செய்பவருக்கு ஒரு வருடத்தில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஹோல்ஸ்டரில் மிச்சம் பிடிக்காதீர்கள். ட்ரிகரை முழுதாக மூட வேண்டும், துப்பாக்கியை எடுத்த பிறகும் வாய் திறந்தபடி நிற்க வேண்டும். வாய் மடங்கும் மலிவுத் துணி உறைக்குள் திரும்பச் செருகும்போது அந்த மடிப்பே ட்ரிகரை அழுத்திவிடும்.

பிஸ்டல் வாங்கியவர்கள் 200 ரவுண்டு பயிற்சித் தோட்டாவும், அதன்பின் நீங்கள் எடுத்துச் செல்லப்போகும் அதே குழிமுனைத் தோட்டாவில் 50-ம் சிக்காமல் சுட்ட பிறகே இடுப்பில் வையுங்கள்.

7. எல்டிசி (கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லும் மாநில உரிமம்): கட்டாயமில்லை, ஆனாலும் எடுங்கள்

2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய தகுதியுள்ளவர்கள் டெக்சாஸில் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். அப்படியிருக்க எதற்கு 40 டாலர் என்று என் கணவர் கேட்டார். காரணம் பள்ளிக்கூடம். பள்ளியிலிருந்து ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடுக்கிறது. மாநில உரிமம் உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு. புறநகரில் எந்தத் தெருவில் போனாலும் ஒரு பள்ளி வந்துவிடும். கிரீன் கார்டில் இருந்துகொண்டு அந்த ஆபத்தை ஏன் சுமக்க வேண்டும்? லூசியானா, ஒக்லஹோமா போகும்போதும் உரிமம் உதவும்.

விண்ணப்பம் டிபிஎஸ் (டெக்சாஸ் பொதுப் பாதுகாப்புத் துறை) இணையதளத்தில். 40 டாலர் கட்டியதும் ஐடென்டோகோ மையத்தில் கைரேகைக்கு நேரம் வாங்க வேண்டும், சுமார் 10 டாலர். வகுப்பு 4 முதல் 6 மணி நேரம். பாடப் பகுதியை ஆன்லைனில் முடிக்கலாம், சுடும் தேர்வுக்கு நேரில் போக வேண்டும். 50 ரவுண்டு: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. மொத்தம் 250 மதிப்பெண்ணில் 175 வேண்டும். பயப்பட வேண்டாம், இரண்டு முறை பழகினால் தேறலாம்.

இதில் ஒரு பொறி. பலர் பெரிய பிஸ்டலை வாடகைக்கு எடுத்துத் தேர்வை முடித்துவிட்டு, தினமும் எடுத்துப்போவது சின்ன ரிவால்வர். நானும் அதையே செய்தேன். உரிமம் வந்தது, ஆனால் இடுப்பில் இருந்ததைச் சுட எனக்குத் தெரியாது. எடுத்துப்போகும் துப்பாக்கியிலேயே தேர்வு எழுதுங்கள்.

எல்லா ஆவணமும் சேர்ந்த பிறகு 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது கணக்கு. எனக்கு ஐந்து வாரத்தில் அட்டை வந்தது.

8. எங்கே எடுத்துப்போகக் கூடாது

கடை வாசலில் 30.06 என்ற எண்ணோடு பெரிய எழுத்துப் பலகை இருந்தால், உரிமம் உள்ளவரும் மறைத்து எடுத்துப்போகக் கூடாது. 30.07 வெளியே தெரியும்படி வைப்பதற்கு, 30.05 உரிமம் இல்லாதவர்களுக்கு. சிவப்பில் 51% என்று போட்டிருந்தால் அது மதுவில் பிழைக்கும் இடம், உள்ளே போகவே போகாதீர்கள்; அங்கே துப்பாக்கியோடு பிடிபட்டால் பெருங்குற்றம். பள்ளிகள், வாக்குச்சாவடி, நீதிமன்றம், விமான நிலையப் பாதுகாப்புப் பகுதி எல்லாம் தடை. கோயில்களில் பலகை இருக்கிறதா என்று வாசலிலேயே பாருங்கள். நான் பார்ப்பதுகூட இல்லை, கோயிலுக்கு எடுத்துப்போவதே இல்லை.

நியூ ஜெர்சி, நியூயார்க், கலிஃபோர்னியாவில் இந்த உரிமம் செல்லாது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் காரில் போகிறவர்கள் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

போலீஸ் காரை நிறுத்தி அடையாள அட்டை கேட்டால், ஓட்டுநர் உரிமத்தோடு எல்டிசியையும் சேர்த்துக் கொடுங்கள். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும். எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள், கையை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

9. வீட்டில்

17 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி தோட்டா ஏற்றிய துப்பாக்கியை விட்டுவைப்பது டெக்சாஸில் குற்றம். அலமாரியின் மேல்தட்டு பூட்டு ஆகாது. வீட்டில் யாராவது மனம் உடைந்து, தூக்கமில்லாமல் இருக்கும் காலம் என்றால், வாங்குவதையே தள்ளிப்போடுங்கள். ஏற்கெனவே இருந்தால் நம்பிக்கையான ஒருவரிடமோ கடையிலோ சிறிது காலம் ஒப்படைத்துவிடுங்கள்.

எங்கள் வீட்டு மாடியில் என் தம்பி இருக்கிறான், எச்1பி. ஊரிலிருந்து அம்மா வந்தால் ஆறு மாதம் இருப்பார், பி2. பெட்டியின் எண் அவர்கள் இருவருக்கும் தெரியக் கூடாது என்று வழக்கறிஞர் சொன்னார். அவர்கள் விருப்பப்படி எடுக்க முடிகிற இடத்தில் இருந்தாலே, அவர்கள் வசம் இருப்பதாகக் கொள்ளப்படலாம் என்றார். முதலில் என் பிறந்த நாளைத்தான் எண்ணாக வைத்திருந்தேன். அம்மாவுக்கு அது தெரியாமலா இருக்கும்? அன்றைக்கே மாற்றினேன்.